ரூட்டருக்கு லோடு தெரியாது: இரண்டு கட்டடம், நான்கு லிங்க்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். அலுவலகம் ஓரிடம், தையல் யூனிட் சில கிலோமீட்டர் தள்ளி இன்னோரிடம். இரண்டையும் சேர்க்க இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று உள்ளூர் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர், 1 ஜிபிபிஎஸ். இன்னொன்று மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வைத்த 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. காற்றில் நிஜமாக ஓடுவது 100 எம்பிபிஎஸ் அளவுக்கு. அலுவலகத்திலிருந்து வெளியே இன்டர்நெட்டுக்கும் இரண்டு பிராட்பேண்ட்: 300 எம்பிபிஎஸ் ஒன்று, 100 எம்பிபிஎஸ் ஒன்று. ஆக நான்கு லிங்க். இத்தனை இருந்தும் "நெட் ஸ்லோ" என்பதுதான் புகார்.

யூனிட் சூப்பர்வைசர் சொன்ன விதம்தான் எனக்கு முதல் துப்பு. "ஏனுங்க சார், எல்லா சிஸ்டமும் ஸ்லோன்னா பரவாயில்லீங்க. அந்த வரிசைல மூணு சிஸ்டம் மட்டும் நேத்தும் ஸ்லோ, இன்னிக்கும் ஸ்லோ. பக்கத்து டேபிள் பறக்குது. வைரஸா இருக்குமுங்களா?"

வைரஸ் இல்லை. ஒரே ஸ்விட்ச், ஒரே சர்வர், ஒரே மென்பொருள்; ஆனால் குறிப்பிட்ட சில கம்ப்யூட்டர்கள் மட்டும் எப்போதும் ஸ்லோ, மற்றவை எப்போதும் வேகம் என்றால், நடுவில் எங்கேயோ பாதை பிரிகிறது, பிரித்த பாதைகளில் ஒன்று மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம்.

இரு பக்கமும் ரூட்டராக இருப்பவை சிறிய எக்ஸ்86 பெட்டிகள். டெபியன் 12 லினக்ஸ், அதன் மேல் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள். முன்பு அமைத்துக் கொடுத்தவர் இரண்டு லிங்க்கிலும் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தாமே கண்டுபிடிக்கும் முறை) போட்டு விட்டுப் போயிருந்தார். ரூட்டிங் அட்டவணையைத் திறந்தால் யூனிட்டின் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் இரண்டு நெக்ஸ்ட்ஹாப், அதாவது அடுத்த படி: ஃபைபர் வழியாக ஒன்று, ரேடியோ வழியாக ஒன்று, இரண்டுக்கும் ஒரே காஸ்ட் (வழியின் செலவு எண்). பார்க்க அழகாக இருக்கும். இரண்டு லிங்க்கும் வேலை செய்கிறது, லோடு பேலன்ஸிங் நடக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இன்டர்ஃபேஸ் கவுண்ட்டரை ஓடவிட்டுப் பார்த்தேன். ரேடியோ உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபைபர் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

சமம் என்று யார் சொன்னது?

ஒரே இடத்துக்குச் சம காஸ்ட்டில் இரண்டு பாதை கிடைத்தால், ஓஎஸ்பிஎஃப் இரண்டையும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடம் கொடுத்துவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு எந்தப் பேக்கெட் எந்த வழியில் போகிறது என்று முடிவு செய்வது கர்னலில் இருக்கும் ஒரு ஹேஷ் கணக்கு. அனுப்புநர் ஐபி, பெறுநர் ஐபி இரண்டையும் சேர்த்து அரைத்து ஒரு எண் எடுக்கும். அந்த எண் எந்தப் பாதிக்குள் விழுகிறதோ அந்த லிங்க். ரேஷன் கடையில் கார்டின் கடைசி எண்ணைப் பார்த்து ஒற்றைப்படை இந்த வரிசை, இரட்டைப்படை அந்த வரிசை என்று அனுப்புவார்களே, அதுதான் இது. யார் எத்தனை மூட்டை வாங்கப் போகிறார், எந்த வரிசை நீண்டுகிடக்கிறது என்றெல்லாம் பிரிப்பவர் பார்ப்பதில்லை.

அதனால்தான் அந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் தினமும் அதே கதி. கம்ப்யூட்டரின் ஐபி மாறாது, ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு மென்பொருள்) சர்வரின் ஐபி மாறாது, ஹேஷும் மாறாது. ரேடியோ பக்கம் விழுந்த கம்ப்யூட்டர் ரேடியோ பக்கமே கிடக்கும்.

பேக்கெட்டுக்குப் பேக்கெட் மாற்றி அனுப்பினால் சமமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், ஆனால் வேகம் வேறான இரண்டு பாதைகளில் போன பேக்கெட்டுகள் வரிசை குலைந்து வந்து சேரும். பேக்கெட் ஒழுங்காகச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபி அதைத் தொலைந்துபோன பேக்கெட் என்று எடுத்துக்கொள்ளும்: மூன்று இரட்டை ஒப்புகை வந்தவுடன் மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைக்கும். லினக்ஸிலேயே இந்த வரலாறு உண்டு. 3.6 கர்னலில் ஐபிவி4 ரூட் கேஷை (ஏற்கெனவே எடுத்த வழி முடிவுகளின் சேமிப்பை) எடுத்தெறிந்த பிறகு, மல்டிபாத் ரூட் கிட்டத்தட்ட பேக்கெட்டுக்குப் பேக்கெட் குலுக்கல் முறையில்தான் ஓடியது. 4.4 பதிப்பில்தான் ஹேஷ் முறை வந்தது, 4.12இல் போர்ட் எண்களையும் ஹேஷில் சேர்க்க வழி வந்தது. வலையில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளைப் படித்து இன்றைய பெட்டியில் போடுபவர்கள் எந்தக் காலத்து கர்னலைப் பற்றிய பேச்சு அது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, காஸ்ட் எப்படிச் சமமாகிப் போனது? ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் என்பது ஒரு ஆதார வேகத்தை (ரெஃபரன்ஸ்) இன்டர்ஃபேஸின் வேகத்தால் வகுத்து வரும் எண். அந்த ஆதார வேகம் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால் 100, 1000, 10000 எல்லாவற்றுக்கும் காஸ்ட் 1தான். இது பிரபலமான பொறி. ஆதார வேகத்தை உயர்த்து என்பதுதான் எல்லோரும் சொல்லும் மருந்து. இங்கே அதுவும் பலிக்காது. ரேடியோவிலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிள் கிகாபிட் ஈதர்நெட். ரூட்டர் பார்ப்பது தன் சொந்தப் போர்ட்டை மட்டும். மாடியில் காற்றில் என்ன ஓடுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதன் கண்ணில் இரண்டும் 1 ஜிபிபிஎஸ். காஸ்ட்டை ஆள்தான் கையால் எழுத வேண்டும்.

விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் இருப்பது 1100 எம்பிபிஎஸ். சரிபாதியாகப் பிரித்தால் மொத்த டிராஃபிக் 200ஐத் தொடும்போதே ரேடியோ நிரம்பிவிடும். அந்த நேரம் ஃபைபரில் 900 சும்மா கிடக்கும். இரண்டாவது லிங்க்கைச் சேர்த்ததால் நெட்வொர்க் மெதுவாகிப் போனது.

ரேடியோவுக்கு என்ன வேலை கொடுப்பது

சமமில்லாத பாதைகளில் விகிதம் வைத்துப் பிரிக்கவும் வழிகள் உண்டு. சிஸ்கோவின் ஈஐஜிஆர்பி ரூட்டிங் முறையில் வேரியன்ஸ் என்ற அமைப்பு அதற்காகவே இருக்கிறது. பிஜிபி என்ற இன்னொரு ரூட்டிங் முறையில் லிங்க் வேகத்தை ஒரு குறிப்பாகச் சேர்த்து அனுப்பி எடை போடலாம், எஃப்ஆர்ஆர் அதை ஏற்கும். எதுவும் வேண்டாம் என்றால் கையால் எழுதும் ஸ்டேட்டிக் ரூட்டிலேயே ஃபைபருக்கு எடை 10, ரேடியோவுக்கு எடை 1 என்று இரண்டு நெக்ஸ்ட்ஹாப் எழுதலாம். ஓஎஸ்பிஎஃப்பில் இது கிடையாது. சமம் என்றால் பிரிக்கும், சமமில்லை என்றால் குறைந்த காஸ்ட்டுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடும்.

எடை போடும் வழியை நான் எடுக்கவில்லை. 10க்கு 1 என்று பிரிப்பதால் அதிகபட்சம் கிடைப்பது பத்து சதவீதக் கூடுதல் கொள்ளளவு. அதற்கு விலையாக, பதினொன்றில் ஒரு கம்ப்யூட்டர் எப்போதும் ரேடியோவில் மாட்டிக்கொள்ளும். எடை என்பதும் ஓட்டங்களின் (இரு முனைக்கு நடுவே நடக்கும் ஒவ்வொரு தொடர் பேச்சும் ஒரு ஓட்டம்) எண்ணிக்கையைத்தான் பிரிக்கிறது, பைட்டுகளை அல்ல. யாராவது ஒரு டிசைன் ஃபைலை இழுக்கும் ஓட்டம் ரேடியோ பக்கம் விழுந்தால் முடிந்தது கதை.

அதற்குப் பதில், இந்த நிறுவனத்தில் அளவு முன்கூட்டியே தெரிந்த டிராஃபிக் எது என்று தேடினேன். ஒன்று பளிச்சென்று இருந்தது: சிசிடிவி. யூனிட்டில் 16 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்று அமைப்பில் பூட்டி வைத்தது. பதிவுப் பெட்டி அலுவலகத்தில். ஆக இரவும் பகலும் 64 எம்பிபிஎஸ், கூடவும் கூடாது குறையவும் குறையாது. 100 எம்பிபிஎஸ் ரேடியோவுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. கேமராவில் ஒரு நொடி படம் திக்கினால் யாரும் போன் செய்யப் போவதில்லை.

அதனால் பிரிப்பு இப்படி ஆனது: கேமரா நெட்வொர்க் மட்டும் ஸ்டேட்டிக் ரூட் மூலம் ரேடியோவில், மற்ற எல்லாம் ஓஎஸ்பிஎஃப் மூலம் ஃபைபரில், ஒன்று செத்தால் மற்றது எல்லாவற்றையும் தூக்கிக்கொள்ள வேண்டும். காஸ்ட்டை ஃபைபருக்கு 10, ரேடியோவுக்கு 100 என்று எழுதினேன். எண்கள் முக்கியமில்லை, வித்தியாசம்தான் முக்கியம்.

டன்னல்

கேபிள்காரரின் ஃபைபர் பல கை மாறி, பலர் ஸ்விட்ச் வழியாக வருகிறது. ஆகவே உள்ளே ஓடுவதை மறையாக்கம் செய்ய வயர்கார்ட் என்ற மென்பொருளால் டன்னல், அதாவது பூட்டிய உள்வழி, போடுவது என்று முடிவு. இங்கே ஒரு விஷயத்தில் நிற்க வேண்டும். பலர் செய்வது, இரு ரூட்டருக்கும் நடுவே ஒரே டன்னல் போட்டு அதைக் கீழேயுள்ள இரண்டு லிங்க்கும் பங்கு போடட்டும் என்று விடுவது. பங்கு போடாது. டன்னலுக்குள் ஆயிரம் ஓட்டம் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஒரு யுடிபி ஓட்டம்: ஒரே ஐபி ஜோடி, ஒரே போர்ட் ஜோடி. ஹேஷ் எப்போதும் ஒரே விடை. எல்லாம் ஒரே லிங்க்கில்.

எனவே லிங்க்குக்கு ஒரு டன்னல். ஃபைபரின் நேரடி ஐபிக்களுக்கு நடுவே ஒன்று, ரேடியோவின் ஐபிக்களுக்கு நடுவே இன்னொன்று. ரூட்டிங் முடிவு முழுவதும் டன்னல்களுக்கு மேலே நடக்கும்.

வயர்கார்ட் மேல் ஓஎஸ்பிஎஃப் ஓட்ட சில சங்கதிகள். வயர்கார்டில் ஒவ்வொரு பியருக்கும் (எதிர்முனைக்கும்) அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியல் உண்டு. அதுவே உள்ளுக்குள் ரூட்டிங் அட்டவணை போலவும் வேலை செய்யும். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஓஎஸ்பிஎஃப் ஹலோ பேக்கெட் போவது 224.0.0.5க்கு, பட்டியலில் அது இல்லையென்றால் பேக்கெட் வெளியே போகவே போகாது. ஒரு டன்னலுக்கு ஒரே பியர் என்பதால் நான் 0.0.0.0/0 என்று முழுதாகத் திறந்துவிட்டேன். அப்படித் திறந்தால் வயர்கார்டின் துவக்க ஸ்கிரிப்ட் தன்னிஷ்டத்துக்கு டிஃபால்ட் ரூட்டை மாற்றிவிடும். ரூட் அட்டவணையைத் தொடாதே என்று அமைப்பில் சொல்லிவிட வேண்டும். அப்புறம் ஓஎஸ்பிஎஃப்பில் நெட்வொர்க் வகை பாயிண்ட் டு பாயிண்ட். ஃபயர்வாலில் ஐபி புரோட்டோகால் 89ஐ டன்னல் இன்டர்ஃபேஸில் திறக்க வேண்டும். இது டிசிபியும் இல்லை யுடிபியும் இல்லை என்பது பலருக்கு ஃபயர்வால் எழுதும்போது நினைவில் இருக்காது.

எம்டியு, அதாவது ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1420 பைட். 1500இலிருந்து 80 கழிவு, ஐபிவி6க்கும் இடம் விட்ட கணக்கு. இரு முனையிலும் அதே எண் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஓஎஸ்பிஎஃப் உறவு எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்ப நிலையிலேயே நின்றுவிடும். பிங் போகும், ஹலோ தெரியும், ரூட் மட்டும் வராது. டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பேக்கெட்டில் போகும் தரவு) அளவையும் ரூட்டரிலேயே குறைத்து எழுதச் சொல்லிவிட்டேன்.

செத்தது தெரிய வேண்டுமே

ஸ்டேட்டிக் ரூட்டின் பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: இன்டர்ஃபேஸ் கீழே விழுந்தால் தவிர அது போகாது. இங்கே இன்டர்ஃபேஸ் விழவே விழாது. மாடியில் ரேடியோ திசை திரும்பிப் போனாலும் கேபிள் கிகாபிட்டில் பச்சை விளக்கோடு இருக்கும். வயர்கார்ட் இன்டர்ஃபேஸோ எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கவலையே படாது. அப்படியே விட்டால் ரேடியோ செத்த அன்று கேமரா டிராஃபிக் அத்தனையும் பாழுங்கிணற்றுக்குள்தான்.

ஓஎஸ்பிஎஃப் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கொஞ்சம்தான். வழக்கமான அமைப்பில் 10 நொடிக்கு ஒரு ஹலோ, 40 நொடி சத்தம் இல்லையென்றால் எதிர்முனை இறந்ததாக முடிவு. 40 நொடி ஈஆர்பி நின்றால் பார்கோடு அடித்துக்கொண்டிருப்பவர் மூன்று தரம் என்டரைத் தட்டியிருப்பார்.

இரண்டுக்கும் ஒரே மருந்து பிஎஃப்டி. இரு முனையும் யுடிபி போர்ட் 3784இல் சின்னச் சின்னப் பேக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து சில வரவில்லையென்றால் உடனே ரூட்டிங்குக்குச் சொல்லிவிடும். எஃப்ஆர்ஆரில் இயல்பாக 300 மில்லிசெகண்ட் இடைவெளி, மூன்று தவறினால் விழும். ஒரு நொடிக்குள் விஷயம் முடிகிறது. ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஸ்டேட்டிக் ரூட்டையும் பிஎஃப்டியோடு கட்டும் வசதி புதிய எஃப்ஆர்ஆர் பதிப்புகளில் வந்திருக்கிறது. அதற்காகவே டெபியனோடு வரும் பதிப்பை விட்டு எஃப்ஆர்ஆர் குழுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தேன்.

இப்போது கேமரா ரூட் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். யூனிட்டின் கேமரா நெட்வொர்க் 10.20.30.0/24. அது ஓஎஸ்பிஎஃப்பிலும் அறிவிக்கப்படுகிறது, ஃபைபர் வழியாக. அலுவலக ரூட்டரில் அதே நெட்வொர்க்குக்கு ரேடியோ டன்னல் வழியாக ஒரு ஸ்டேட்டிக் ரூட்டும் இருக்கிறது. ஸ்டேட்டிக்கின் நம்பக எண் (எந்த வகை ரூட்டை முதலில் நம்புவது என்று சொல்லும் எண்) 1, ஓஎஸ்பிஎஃப்பின் எண் 110; குறைந்ததே ஜெயிக்கும். ரேடியோவில் பிஎஃப்டி விழுந்தவுடன் ஸ்டேட்டிக் ரூட் விலகும், பின்னால் காத்திருந்த ஓஎஸ்பிஎஃப் ரூட் மேலே வரும், கேமரா ஃபைபருக்கு மாறும். யாரும் எதையும் தொட வேண்டாம். யூனிட் பக்கமும் பதிவுப் பெட்டியின் நெட்வொர்க்குக்கு இதே ஜோடி. இந்த ஸ்டேட்டிக்கை ஓஎஸ்பிஎஃப்புக்குள் மறுபடி ஊற்றிவிடக் கூடாது, அது மட்டும் கவனம்.

ரேடியோவில் 300 மில்லிசெகண்ட் சரிப்படவில்லை. பக்கத்துக் கட்டடங்களிலும் அதே அலைவரிசையில் ஆட்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் அவ்வப்போது பேக்கெட் தொலையும். பிஎஃப்டி விழுவதும் எழுவதுமாக லாக் நிரம்பியது. ரேடியோவில் மட்டும் 1 நொடி இடைவெளி, 5 தவறினால் விழட்டும் என்று தளர்த்தினேன். கேமராவுக்கு 5 நொடி ஒன்றும் பெரிதில்லை. ஃபைபரில் பழையபடி 300.

அடுத்த கேள்வி, ஃபைபர் அறுந்தால்? திருப்பூரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. எங்காவது பொக்லைன் தோண்டிக்கொண்டே இருக்கும். அப்போது கேமராவின் 64ஓடு ஈஆர்பி, பிரின்ட், ஃபைல் எல்லாமே ரேடியோவில் வந்து விழும். எனவே ரேடியோ டன்னல் இன்டர்ஃபேஸின் மேல் கேக் என்ற க்யூ முறையை 85 எம்பிபிஎஸ் வரம்போடு போட்டேன். காற்றில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்தால் வரிசை ரேடியோவுக்குள் தேங்காமல் நம் கையில் இருக்கும். கேமரா பேக்கெட்டுகளுக்கு சிஎஸ்1 குறி, அதாவது கடைசித் தட்டு. இதை டன்னல் இன்டர்ஃபேஸிலேயே செய்ய வேண்டும். உள்ளே உள்ள டிஎஸ்சிபி குறியை (சிஎஸ்1 அதில் ஒன்று) வயர்கார்ட் வெளிப்பேக்கெட்டுக்கு எடுத்துச் செல்லாது. கீழே ஈதர்நெட் போர்ட்டில் க்யூ போட்டால் எது கேமரா, எது ஈஆர்பி என்று குறியை வைத்து அதற்குத் தெரியாது.

ஃபைபர் இல்லாத நேரத்தில் கேமராப் படம் தேயும். முதலாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினேன். "பீஸ் கணக்கு ஓடட்டுமுங்க, படம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கேமராக்களில் மெமரி கார்டு இருப்பதால் அந்த இடைவெளியும் முழுதாகத் தொலையாது.

வெளியே போகும் வாசல்

இன்டர்நெட் பக்கம் டைனமிக் ரூட்டிங்குக்கு வழியில்லை. பிராட்பேண்ட் வாடிக்கையாளரோடு ஐஎஸ்பிக்கள் ஓஎஸ்பிஎஃப் பேசுவதில்லை. பிஜிபி பேச வேண்டுமென்றால் சொந்த ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்), குறைந்தது ஒரு /24, அதாவது 256 முகவரி கொண்ட, ஐபி தொகுதியும் வேண்டும். தையல் கம்பெனிக்கு அது அதிகம். ஆகவே ஒரே டிஃபால்ட் ரூட், இரண்டு நெக்ஸ்ட்ஹாப், எடை 3க்கு 1. இங்கே எடை பிரிப்பு பொருந்தும். நாற்பது சொச்சம் பேர், சின்னச் சின்ன ஓட்டங்கள். சராசரி தானாகச் சமன்படும்.

கட்டடங்களுக்கு நடுவே இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு: நேட், அதாவது உள்ளே உள்ள ஐபிக்களை வெளியே லிங்க்கின் ஐபியாக மாற்றிக் காட்டுவது. ஒரு இணைப்பு பாதி வழியில் லிங்க் மாறினால் வெளியே தெரியும் ஐபியே மாறிவிடும், அந்த இணைப்பு அங்கேயே சாகும். அதனால் முதல் பேக்கெட் எந்த லிங்க்கில் வெளியே போனதோ அந்தக் குறியை கனெக்‌ஷன் டிராக்கிங்கில் (கர்னல் ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கும் பட்டியலில்) எழுதி வைத்து, அடுத்தடுத்த பேக்கெட்டுகளில் அதே குறியை மீட்டு, குறிக்குத் தகுந்த தனி ரூட் அட்டவணைக்கு அனுப்ப வேண்டும். முதல் பேக்கெட்டுக்கு மட்டும் ஹேஷ், மற்றதெல்லாம் குறி. வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன் இணைப்புகளுக்கும் இதே காரியம்தான் பதிலை வந்த வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. திரும்பு பாதைச் சோதனையை (வந்த பேக்கெட்டின் அனுப்புநருக்கு அதே வாசல் வழியாகப் பாதை உண்டா என்று பார்ப்பது) கடுமையான 1இலிருந்து தளர்வான 2க்கு மாற்றினேன். குறியை வைத்துப் பாதை மாற்றும் பெட்டியில் 1 என்று விட்டால், முறையாக வந்த பதிலையே சில நேரம் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

இதன் பிறகும் கணக்குப் பிரிவில் ஒரு புகார் மிச்சம் இருந்தது: வங்கித் தளம் பாதியில் வெளியே தள்ளுகிறது. லாகின் பக்கம் ஒரு சர்வரில், உள்ளே போனபின் வேறு சர்வரில். பெறுநர் ஐபி வேறு என்பதால் ஹேஷ் வேறு, லிங்க் வேறு, வெளியே தெரியும் ஐபி வேறு. ஒரே ஆள் இரண்டு ஊரிலிருந்து வருவது போல வங்கிக்குத் தெரியும், கதவைச் சாத்தும். கர்னலில் ஹேஷ் கொள்கையை 3 ஆக்கினால் எந்தெந்தப் புலங்களை அரைக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். டெபியன் 12இன் 6.1 கர்னலில் இது இருக்கிறது. அனுப்புநர் ஐபி மட்டும் என்று வைத்தேன். இனி ஒரு கம்ப்யூட்டர் எங்கே போனாலும் ஒரே லிங்க்கில்தான் வெளியே வரும். இந்த அமைப்பு பெட்டி முழுவதற்கும் பொது, ரூட்டுக்கு ரூட் மாற்ற முடியாது. கட்டடங்களுக்கு நடுவே சமப் பிரிப்பை எடுத்துவிட்டதால்தான் இங்கே இஷ்டப்படி வைக்க முடிந்தது. கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்களை மட்டும் தனி விதி எழுதி, நிலையான ஐபி உள்ள 300 எம்பிபிஎஸ் லிங்க்கோடு கட்டிவிட்டேன். அந்த ஐபிதான் வங்கியில் பதிவானது.

உயிர்ச் சோதனை இங்கே ஸ்கிரிப்ட்தான். கேட்வேயை பிங் செய்து பயனில்லை. வீட்டு வாசலில் உள்ள பெட்டி எப்போதும் பதில் சொல்லும், அதற்கு அந்தப் பக்கம்தான் இருட்டு. 1.1.1.1, 8.8.8.8 போல வெளியே சில முகவரிகள், ஒவ்வொரு லிங்க்கின் குறியோடும் பிங். எல்லாமே தொடர்ந்து தவறினால் மட்டும் லிங்க்கை எடு. திரும்பி வந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துச் சேர். 8.8.8.8ஐ ஒரு லிங்க்கோடு ஸ்டேட்டிக்காகக் கட்டிச் சோதிக்கும் முறை வலை முழுக்கக் கிடைக்கிறது. அந்த லிங்க் விழும்போது 8.8.8.8ஐ டிஎன்எஸ்ஸாக வைத்திருப்பவர்களும் சேர்ந்து விழுவார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

லிங்க்கை எடுக்கும்போது அந்தக் குறியுள்ள கனெக்‌ஷன் டிராக்கிங் பதிவுகளையும் அழிக்க வேண்டும். நிலைபெற்ற டிசிபி பதிவு ஒன்று லினக்ஸில் இயல்பாக 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஐபி போன் போன்ற யுடிபி சாதனங்கள் விடாமல் பேசிக்கொண்டே இருப்பதால் பதிவு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செத்த லிங்க்கின் குறியோடு போன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்ட்டில் அழிக்கும் கட்டளை ஒரு வரி. அதுதான் முக்கியமான வரி.

சோதித்த விதம்

நேரில் தொடுவதற்கு முன் இதையெல்லாம் லேப்டாப்பில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை (ஒரே லினக்ஸுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) வைத்து ஓட்டிப் பார்த்தேன். நான்கு நேம்ஸ்பேஸ், நடுவில் மெய்நிகர் கேபிள்கள், வேகத்துக்கு வரம்பு. ஹார்டுவேர் எதுவும் வேண்டாம். 'ஐபி ரூட் கெட்' கட்டளையில் அனுப்புநர், பெறுநர், போர்ட் எல்லாம் கொடுத்துக் கேட்டால் இந்த ஓட்டம் எந்தப் பக்கம் விழும் என்று கர்னலே சொல்லும். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3இல் ஒரே ஓட்டத்தை வைத்து அளந்துவிட்டு லோடு பேலன்ஸிங் வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. ஒரு ஓட்டம் ஒரு லிங்க்கைத் தாண்டவே தாண்டாது. இணையாக எட்டு ஓட்டம் விட்டாலும் ஹேஷில் போர்ட் சேரவில்லையென்றால் எட்டும் ஒரே பக்கம்தான்.

நேரில் சோதித்தபோது கேபிளைப் பிடுங்குவதோடு நிறுத்தவில்லை. கேபிள் போனால் எந்த முட்டாள் ரூட்டருக்கும் தெரியும். ஃபைபர் போர்ட்டில் ஃபயர்வால் மூலம் எல்லாப் பேக்கெட்டையும் சத்தமில்லாமல் விழுங்க வைத்தேன். விளக்கு பச்சை, உள்ளே பிணம். பார்கோடு திரையில் லேசான தயக்கம், அவ்வளவுதான். ரேடியோவில் அதையே செய்தால் கேமராக்கள் சில நொடி உறைந்து மீண்டன. சூப்பர்வைசரின் அந்த மூன்று சிஸ்டமும் இப்போது பக்கத்து டேபிள் போலவே ஓடுகின்றன. வைரஸை எடுத்துவிட்டதாகவே அவர் நம்புகிறார்.

பாக்கி இருப்பது: இரு பக்கமும் ரூட்டர் பெட்டி ஒன்றே ஒன்றுதான். நான்கு லிங்க்கும் ஒரு பவர் சப்ளையில் தொங்குகின்றன. அலுவலகத்தில் இரண்டாவது பெட்டி வாங்கி விஆர்ஆர்பி (ஒரு பெட்டி செத்தால் மற்றது அதன் இடத்தைப் பிடிக்கும் முறை) போட வேண்டும், கனெக்‌ஷன் டிராக்கிங் பதிவுகளும் இரண்டு பெட்டிக்கும் ஒத்துப்போக வேண்டும். பெட்டிக்கான விலைப்பட்டியல் முதலாளி மேசையில் இருக்கிறது.